கண்டத்துக்கே எம்.பி.யானவரிடம் கொடுத்த மனு

எம்.பி. என்று யார் வந்தாலும் நம்ம ஊருக்கு அவரால் பஸ் விட முடியும் என்று ஐம்பத்திரண்டு வயதிலும் நம்பிய ஆள் நான். அதுவும் செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் இருபது வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறவன். (சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் வீட்டில் ஏற்கெனவே சிரித்தாயிற்று.)

தொண்டூர் அஞ்சலை, புருஷன் முருகேசனோடு வந்தாள். அவர்கள் ஊருக்குக் காலையில் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மகள் தினமும் காலேஜுக்கு லேட்.

"இப்டியே போனா பரீட்சை எழுத உடமாட்டாங்களாம்ண்ணே. திங்கக்கெழம கலெக்டராண்ட குடுக்கணும். ஒரு மனு எழுதிக் குடு."

நான்தான் கெடுத்தேன். "கலெக்டர் எதுக்கும்மா? திங்கக்கெழம நம்ம கோட்டைய பாக்க ஐரோப்பாலேர்ந்து மூணு எம்.பி. வராங்க. பல நாடு சேர்ந்து நடத்துற பார்லிமெண்டு அது. நம்ம எம்.பி. ஒரு தொகுதிக்கு. இவங்க கண்டத்துக்கே! ஒரு வார்த்த சொன்னா கலெக்டர் எழுந்து நிப்பாரு."

திங்கட்கிழமை கோட்டை வாசலில் மூன்று சால்வை, ஒரு ஃப்ளெக்ஸ் சகிதம் அஞ்சலை, முருகேசனோடு நின்றேன். ஃப்ளெக்ஸில் மூவரும் கைகோத்து உயர்த்தி நிற்பதுபோல் ஒட்டுப்போட்டிருந்தேன். வந்தவர்கள் ஒரே நாடுதான், ஆனால் மூன்று கட்சி. ஜென்மப் பகையாம். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்றார்கள். (இதில் மட்டும் அச்சு அசல் நம்ம ஆட்கள்.)

சால்வை போட்டு மனுவை நீட்டினேன். நம்ம ஊரில் என்றால் வாங்குவார்கள், கும்பிடுவார்கள், பின்னால் நிற்கிற பி.ஏ. கையில் தள்ளுவார்கள். மூவரில் ஒருவரான அந்த வெள்ளைக்கார அம்மாவோ படிக்கட்டில் உட்கார்ந்து, கூட வந்த கைடிடம், முழுசாகப் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டார்.

இருபது வருஷத்தில் என் மனுவை யாரும் முழுசாகப் படித்ததில்லை. அதனால் நானும் படித்ததில்லை. பழைய மனுவில் பெயரையும் கோரிக்கையையும் மாற்றி அடிப்பதுதான் என் தொழில் ரகசியம்.

"கருணைக் கடலே..." என்று தொடங்கி ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்த கைடு, இரண்டாம் பத்தியில் குரலைத் தாழ்த்தினார். "காலஞ்சென்ற என் கணவர் முருகேசன்..."

யாரோ ஒரு விதவையின் மனு அது. புருஷன் பெயரை ஒழுங்காக மாற்றியிருந்தேன். அதற்கு முன்னால் இருந்த வார்த்தையை எடுக்கவில்லை.

அந்த அம்மா எழுந்து அஞ்சலையைக் கட்டிக்கொண்டார். மற்ற இருவரும் தொப்பியைக் கழற்றி, அந்த அம்மாவின் பக்கத்தில் வந்து தலைகுனிந்து நின்றார்கள். மூன்று கட்சியும் ஒன்றுசேர்ந்த ஒரே தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும்.

தண்ணி பாட்டிலோடு முருகேசன் முன்னால் பாய்ந்தான். "யோவ், இன்னாய்யா இது? நான் இங்கதான நிக்கிறேன்!"

இவர் யார் என்று அந்த அம்மா கேட்டார்.

கைடு தரையைப் பார்த்தபடி, "காலஞ்சென்றவர்" என்றார்.

ஒருவழியாக விஷயம் புரிந்ததும், பஸ் விடுவது தங்கள் வேலையில் வராது என்று அந்த அம்மா வருத்தத்தோடு சொன்னார். கைடு எங்களுக்கு மொழிபெயர்த்தார்: "அவங்க ஊர்லயும் பஸ்ஸ நிறுத்திட்டாங்களாம். இவங்களே போய் கேட்டதுக்கு, நகராட்சியில கேளுங்கன்னு அனுப்பிட்டாங்களாம்."

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அங்கயும் இதே கததானா? இதுக்கா என் திங்கக்கெழம போச்சி?"

அடுத்த திங்களன்று அவள் மகள் நோட்டுத் தாளில் நாலு வரி எழுதி கலெக்டரிடம் கொடுத்தாள். பரீட்சைக்கு முன்னாலேயே பஸ் வந்துவிட்டது. முருகேசனைத் தொண்டூரில் இன்றைக்கும் 'காலஞ்சென்றவரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

பஸ் வந்த அன்று அஞ்சலை என் மேஜைக்கு வந்தாள். என்ன இருந்தாலும் முதலில் முயற்சி எடுத்தவன் நான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் சொன்னாள்: "யாரும் படிக்காததாலதான்ண்ணே நீ இத்தினி வருசம் பொழச்ச."