கறுப்புத் திரையில் மாட்டிய கொக்கி

உயிரே போனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அறை என்றதும் பெரிய மண்டபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். சோம்பல் முறித்தால் இரண்டு பக்கச் சுவரும் கையில் இடிக்கும். ஆனாலும் அதற்கு ஒரு கதவு உண்டு. கதவு எவ்வளவு பெரிய சொத்து என்பது கல்யாணமானவனுக்குத்தான் தெரியும்.

எங்கோ இருக்கிற கம்பெனிக் கம்ப்யூட்டர்களை வீட்டிலிருந்தபடியே மேய்ப்பது என் வேலை. என் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் இருப்பது சாப்பாட்டு மேசையில். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அதைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். சாப்பிட்டதும் மறுபடி தூக்கி மேலே வைக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். பொய்யில்லை. நானே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க முனகிக்கொண்டு திரிந்தேன். "அந்தச் சின்ன ரூமை எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்று அவள் கேட்டபோது என் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நாற்காலியில் சாய்ந்து நான் போடும் தூக்கம் இருக்கிறதே, அது இளகவில்லை.

ஆபீஸில் தலை போகிற வேலை, நெருக்குகிறார்கள், இது முடியட்டும் என்றேன். சரி என்றாள். ஆனால் அடிக்கடி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவும் ஆரம்பித்தாள். தலை போகிற வேலை பார்க்கிறவன் குறட்டை விடக் கூடாதே. அதனால் விஞ்ஞானத்தின் காலில் விழுந்தேன்.

டெர்மினல் என்று ஒன்று இருக்கிறது. வெறும் கறுப்புத் திரை. அதில் கட்டளையைத் தட்டினால் கம்ப்யூட்டர் எதிர்க்கேள்வி கேட்காமல் செய்யும். எங்கள் வீட்டில் என் கட்டளைக்குக் கட்டுப்படுகிற ஒரே ஜீவன் அதுதான். அதனோடு நம் இஷ்டத்துக்குச் ஸ்கிரிப்ட் என்கிற சின்னச் சின்னக் கட்டளைக் கோவைகளை எழுதிச் சேர்க்கலாம். 'இது நடந்தால் அதைச் செய்' என்று சொல்லி மாட்டிவிடுவதற்கு ஹூக் என்று பெயர், அதாவது கொக்கி. வேலை முடிந்தால் மணி அடி, தப்பு நடந்தால் சிவப்பாக மாறு என்று யோக்கியமான கொக்கிகள் பல மாட்டி வைத்திருந்தேன். இப்போது ஓர் அயோக்கியக் கொக்கியை மாட்டினேன்.

என் மனைவி மொபைலைக் கையிலிருந்து இறக்கவே மாட்டாள். துணி கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். அந்த மொபைலின் புளூடூத் சிக்னல் என் அறை வாசலுக்கு வந்தால் போதும், திரையில் பச்சை எழுத்துகள் அருவியாகக் கொட்டும். நடுநடுவே 'அவசரம்' என்று சிவப்பில் மின்னும். என்னை எழுப்புவதற்காகச் சின்னதாக ஒரு 'பீப்' சத்தமும் சேர்த்திருந்தேன்.

பலன் பிரமாதம். அவள் வருவாள். பீப் அடிக்கும். நான் கண் விழித்து, நெற்றியைச் சுருக்கி, விசைப்பலகையை நாலு தட்டுத் தட்டுவேன். அவள் பூனை மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். கேட்காமலே காப்பி வந்தது. இந்த மனுஷன் இப்படி உழைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று தன் தம்பியிடம் போனில் சொல்லிக் கண்கலங்கினாள். அதைக் கேட்டு எனக்கே என்மேல் பரிதாபம் வந்து, அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினேன்.

ஒருநாள் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் அறைக்கதவு திறந்து கிடக்கிறது. வாசற்படியில் என் மனைவி, கையில் மொபைல். ஓர் அடி உள்ளே வைத்தாள். திரையில் அருவி கொட்டியது. வெளியே வந்தாள். கப்சிப். மறுபடி உள்ளே போனாள். அருவி. அப்புறம் மொபைலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நுழைந்தாள். திரை அசையவில்லை. வெட்டுவதற்கு முன் துணியை அளப்பாளே, அதே நிதானம்.

திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் திட்டவே இல்லை. முடி நன்றாக வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மச்சான் வந்தான். மெக்கானிக், நல்ல புஜபலம். தையல் மெஷினை ஒரே தூக்காகத் தூக்கி நேராக என் அறைக்குள் கொண்டுபோனான். வேலை நேரத்தில் என்ன இது என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"வேலைக்காகத்தாங்க" என்றாள் மனைவி. "நேத்து நீங்க வீட்லயே இல்ல. ஆனா வேலை நடந்துச்சு. நான் உள்ள வந்தா ஓடுது, வெளிய போனா நின்னுடுது. இப்ப நீங்களே சொல்லுங்க. ஆபீஸ் வேலை முடியணும்னா இந்த ரூம்ல யாரு இருக்கணும்? நீங்களா, நானா?"

"அது வந்து..."

"வந்து?"

அது பொய் வேலை என்று சொன்னால் மாட்டினேன். நிஜ வேலை என்று சொன்னாலும் மாட்டினேன்.

"நாள் பூரா நான் இங்கயே உக்காந்திருக்கேன். உங்க வேலையும் சீக்கிரம் முடிஞ்சுடும். பாவம், எத்தனை நாளைக்குத்தான் தனியா கஷ்டப்படுவீங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"அக்கா சொல்றது நியாயம்தானே மாமா" என்றபடி மச்சான் என் நாற்காலியில் குஷனை வைத்து அவளுக்குத் தோதாக்கினான்.

பெரிய மனசு பண்ணி, லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டாள். இப்போது சாப்பாட்டு மேசையில் நான்தான் இருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் கடையைக் கட்டி மறுபடி விரிக்கிறேன். அவளுக்கு இடுப்பு வலி போய்விட்டது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மெஷின் சத்தத்தோடு அவள் முணுமுணுக்கிற பாட்டும் கேட்கிறது. கல்யாணமான புதிதில் கேட்டது. அறையை முன்பே கொடுத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அந்த நெகிழ்ச்சியில் மேசையிலேயே தலை சாய்த்துக் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது எதிரே நின்றாள். கோபம் இல்லை. எனக்கும் ஒரு கொக்கி மாட்டிக் கொடுங்கள் என்று ஆசையாகக் கேட்டாள். என் விசைப்பலகை கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் அவள் மொபைலில் மணி அடிக்க வேண்டுமாம்.

எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே ஒரு பிழைகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.