நேட்டிவிட்டிக்கு ஒவ்வாத சட்டை

தேனி மாவட்டத்தில் தேனி மாவட்டத்துக்காரர் ஒருவர்கூட இல்லை என்ற மாபெரும் உண்மையை முதன்முதலில் கண்டறிந்தவர்கள், சென்னையிலிருந்து வந்த ஒரு சினிமா கம்பெனிக்காரர்கள். 2008ஆம் ஆண்டு தை மாதம், கம்பத்துக்கு மேற்கே ஒரு புளியந்தோப்பில் இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அந்த நேரத்தில் இயக்குநருக்குக் குடை பிடிக்கும் பேறு சுருளிவேலுக்கு வாய்த்தது.

சுருளிவேல் ஒரு ‘சுயாதீன’ இயக்குநர். சுயாதீனம் என்றால் யாரும் சம்பளம் தரமாட்டார்கள் என்று பொருள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று மூன்று வருடம் வீடியோ எடுத்ததில் ஒரு பழைய ஹேண்டிகேம் அவனுக்குச் சொந்தமாகியிருந்தது. அதில் குறும்படம் ஒன்றைப் பாதி எடுத்திருந்தான். கதாநாயகி அவனைப் பெற்ற பஞ்சம்மாள். கதை, அவள் விடியற்காலையில் ஜீப் ஏறுவது. பதினேழு பெண்கள் ஒரே ஜீப்பில் அடைந்துகொண்டு மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். மலையில் குளிர் ஆளைத் தின்னும். அதனால் எல்லாரும் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். பஞ்சம்மாள் போட்டது செத்துப்போன புருஷனின் நீலக் கட்டம் போட்ட சட்டை. கைப்பொத்தானை மட்டும் மாட்டமாட்டாள். அவரும் மாட்டியதில்லை.

இந்தப் படத்தைக் காட்டிச் சினிமாவில் ஒரு வேலை வாங்க வேண்டும், வேலை கிடைத்ததும் அம்மாவை அந்த ஜீப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். சுருளிவேலின் வாழ்நாள் திட்டம் மொத்தமும் இதுதான்.

சென்னைக் கம்பெனி அவனுக்கு ‘உள்ளூர் ஒருங்கிணைப்பு உதவி இயக்குநர்’ என்று பதவி கொடுத்து, முப்பது ‘அசல்’ தேனிப் பெண்களை அழைத்து வரும் பொறுப்பையும் கொடுத்தது. அன்றைக்கு இரண்டு ஜீப் மலையேறவில்லை. அம்மா உட்பட முப்பது பேரையும் தோப்பில் வரிசையாக நிறுத்தினான். இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

“யாருப்பா இவங்க?”

“தேனிக்காரங்க சார்.”

“பார்த்தா தெரியலையே. எதுக்கு ஜென்ட்ஸ் சட்டை?”

“ஏலத்தோட்டத்துல குளிரும் சார்.”

“ஏலத்தோட்டம் கேரளா. நம்ம படம் தேனி.”

இந்தப் புவியியல் தெளிவில் சுருளிவேல் அசந்துபோனான். சட்டைகள் கழற்றப்பட்டு மரத்தடியில் குவிக்கப்பட்டன. காதில் கவ்வி மாட்டும் பாம்படம் வந்தது. முகத்தில் கறுப்புச் சாயம் ஏறியது. கடைசியாக ஆளுக்கொரு அரிவாள் வழங்கப்பட்டது.

“காய் பறிக்க ரெண்டு வெரலு போதுமே, அருவா எதுக்கு?” என்றாள் பஞ்சம்மாளோடு ஜீப்பில் வரும் ராஜாத்தி.

“நீங்க கோபமா இருக்கீங்கம்மா” என்றார் இயக்குநர்.

“யாரு மேல?”

“அது இன்னும் முடிவாகலை.”

அடுத்து வட்டார வழக்குப் பயிற்சி. பயிற்சியாளர் ஞானதுரை சென்னையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, தேனியை இருபது சினிமாக்கள் வழியாக ஐயம் திரிபறக் கற்றவர். “எலேய், வெட்டிப்புடுவோம்லேய்!” என்று அவர் சொல்லச் சொல்ல, முப்பது பேரும் சொல்ல வேண்டும்.

“தம்பி, இது தின்னவேலிப் பக்கம் பேசுறாப்புல இருக்கு. இங்கன யாரும் இப்பிடிப் பேச மாட்டாக” என்றாள் பஞ்சம்மாள்.

“ஆடியன்ஸுக்கு இதுதாம்மா தேனி.”

ஒன்பதாம் தடவை ராஜாத்தி அரிவாளைக் கீழே போட்டாள். “மதி சாரே, மதி! வாய் வலிக்கி.”

ஞானதுரை திடுக்கிட்டார். “அது என்ன பாஷை?”

“மலையாளம் சார். போதும்னு சொல்றாக” என்றான் சுருளிவேல்.

அத்தோடு விசாரணை முடிந்தது. முப்பது பேரும் நிராகரிக்கப்பட்டார்கள். தேனிப் பெண்களைச் சென்னையிலிருந்து வேனில் வரவழைப்பதென்று முடிவாயிற்று. நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியலை எழுதும் கடமை, கையெழுத்து நன்றாக இருந்ததால், சுருளிவேலுக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ‘நேட்டிவிட்டி போதாது’ என்று எழுத வேண்டும். முதல் பெயர் பஞ்சம்மாள். எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ‘ஞ்ச’ அழகாகவே விழுந்தது.

“என்னடா எழுதுற?” என்று கேட்டுக்கொண்டே பஞ்சம்மாள் குவியலில் தன் சட்டையைத் தேடினாள்.

“சும்மா பார்மாலிட்டிம்மா.”

“அப்ப நான் இந்த ஊருக்காரி இல்லையாடா?”

“ஊருக்காரிதான். படத்துக்குப் பத்தல.”

அன்று மாலை இயக்குநர் மனமிரங்கி, ஹேண்டிகேமின் சின்னத் திரையில் சுருளிவேலின் பாதிப் படத்தைப் பார்த்தார். “கண்ணு இருக்குப்பா உனக்கு. அந்தச் சட்டைதான் உறுத்துது. அதை எடுத்துட்டு முடிச்சுக் கொண்டா. அடுத்த படத்துல என்கூட இரு. மாசச் சம்பளம்.”

மறுநாள் காலை ஆறரைக்கு, கம்பமெட்டுக்குப் போகும் மலைப்பாதையின் வளைவில் ஜீப் நின்றது. மலைக்காற்று வீசிக்கொண்டிருந்தது.

“அம்மா, சட்டையக் கழட்டு.”

“குளுருமேடா.”

“ஒரே ஷாட்டும்மா. உன்னய இந்த ஜீப்புலருந்து எறக்கத்தான இவ்வளவும்.”

பஞ்சம்மாள் மறுபேச்சு பேசாமல் கழற்றினாள். கம்பெனியில் இரவல் வாங்கிய பாம்படத்தை மாட்டி, அரிவாளைப் பிடித்து நின்றாள். பல்லெல்லாம் தந்தியடித்தது.

“கோவமாப் பாரும்மா.”

“யாரு மேல?”

“அது இன்னும் முடிவாகலம்மா.”

ஒரே ஷாட் பதினோரு தடவை எடுக்கப்பட்டது. “மாப்ளே, தோட்டத்துல கங்காணி வையப்போறாருய்யா!” என்று டிரைவர் கர்ணன் ஹாரன் அடித்தபடி இருந்தார். ராஜாத்தி இறங்கி வந்து, மகனிடம் கேட்காமலே சட்டையை எடுத்துப் பஞ்சம்மாளின் தோளில் போர்த்திக் கூட்டிப்போனாள். அதற்குள் கலை கைகூடிவிட்டது.

குறும்படம் ‘மண்ணின் அசல் முகம்’ என்ற விருதை வென்றது. சொன்ன சொல் தவறாமல் இயக்குநர் சுருளிவேலைத் தன் அடுத்த படத்தில் எட்டாவது உதவி இயக்குநராகச் சேர்த்துக்கொண்டார். மாசச் சம்பளம் படம் வெளியான மாசத்திலிருந்து தொடங்கும் என்பது ஏற்பாடு. ஓராண்டாகியும் அந்தப் படம் வெளியாகவில்லை.

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் இயக்குநரேதான். பஞ்சம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, அதே நீலக் கட்டம் போட்ட சட்டையோடு நேரே மண்டபத்துக்கு வந்தாள். வாசலில் நின்றவர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சுருளிவேல் போய்ச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

படம் ஓடி முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இயக்குநர் மைக்கை எடுத்தார். “அந்தக் கண்ணுல ஒரு கோபம் பார்த்தீங்களா! நூறு வருஷத்துக் கோபம்! அம்மா, நீங்களே சொல்லுங்க, அந்தக் கோபம் யார் மேல?”

மைக் பஞ்சம்மாளிடம் வந்தது.

“அன்னைக்கு எனக்குத் தெரியலங்கய்யா. குளுருதான் தெரிஞ்சுச்சு. யாரு மேலன்னு எம் மகன்கிட்டக் கேட்டேன், இன்னும் முடிவாகலன்னான்.”

முன்வரிசையில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மகனை அவள் பார்த்தாள். திரையில் பார்த்த அதே பார்வை.

“இப்ப முடிவாயிருச்சு.”