இழுத்துக்கொண்டு போக ஒரு கார்

லவோன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஓட்டுகிற இடத்தில்கூட உட்காரவில்லை. பக்கத்து சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடியபடி இருந்தாள்.

வெளியே அவள் கணவர் டெல்மரும், பழைய கார் விற்கும் ரேண்டியும் நின்றிருந்தார்கள். டயரை உதைத்துப் பார்ப்பவர்களை ரேண்டி பார்த்திருக்கிறான். இன்ஜினை மோந்து பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறான். உள்ளே போய்த் தூங்கிப் பார்ப்பவர்களை இப்போதுதான் பார்க்கிறான்.

டெல்மர் அவனுக்கு கியர் பெட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பெரிய வண்டிக்குப் பின்னால் சின்னக் காரை மாட்டி, நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்துப் போகும்போது இன்ஜின் ஓடாது, அதனால் பல கார்களில் கியர் பெட்டிக்கு ஆயில் ஏறாமல் வெந்துபோகும், அப்படி ஆகாத கார்கள் மொத்தம் பதினொன்றுதான் என்று சொல்லி, அந்தப் பதினொன்றையும் எடையோடு தன் நோட்டிலிருந்து படித்தார். கார் விற்பது ரேண்டியின் தொழில் என்பது அவருக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை.

கதவு திறந்தது. லவோன் இறங்கினாள்.

"இது வேணாம்."

"ஏன், என்ன குறை?"

"வெளிச் சத்தம் உள்ளே கேக்குது."

டெல்மர் சுற்றும் முற்றும் பார்த்தார். ரோட்டில் ஒரு லாரி இல்லை. மின்கம்பியில் ஒரு காக்கை இல்லை.

"இங்க என்ன சத்தம் இருக்கு?"

லவோன் அடுத்த காரை நோக்கி நடந்தாள். ரேண்டி தன் பூட்ஸின் முனையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டான்.

டெல்மர் ஹாகன்சன் வடக்கு மின்னசோட்டாவில் முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அறுபது பிள்ளைகள் கத்தாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முதல் நிறுத்தத்தில் பேச ஆரம்பித்து, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நிறுத்தாமல் பேசுவது. அவர் நிறுத்தினால்தானே மற்றவர்கள் தொடங்க முடியும். போர்டில் எழுதியிருப்பது, வயலில் நிற்கும் மாடு, எதிரே வரும் டிராக்டர் எல்லாம் அவர் வாயில் வந்துவிடும். ஓய்வு பெற்றபோது பஸ்ஸை ஒப்படைத்தார். பழக்கத்தை ஒப்படைக்கவில்லை.

கையில் வந்த பணத்தில் ஒரு வீட்டு வண்டி வாங்கினார். முப்பத்தைந்து அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. பஸ் ஓட்டிய காலத்திலெல்லாம் அவர் கண்ட கனவு அது. பனி விழத் தொடங்கியதும் அதில் ஏறி அரிசோனா வெயிலுக்குப் போய்விட வேண்டும், பனி உருகியதும் திரும்ப வேண்டும்.

போன குளிர்காலம் முதல் தடவை போனார்கள். நன்றாக நடக்கவில்லை. ஒரு பால் டப்பா வாங்க வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, சாக்கடைக் குழாயைக் கழற்றி, கரண்டைக் கழற்றி, தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி, முழு வீட்டையும் ஓட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். கடை வாசலில் ஒன்பது கார் நிறுத்தும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பிப்ரவரியில் லவோன் பேச்சைக் குறைத்தாள். மார்ச்சில் நேரத்துக்கு முன்பே திரும்பினார்கள். திரும்பிய அன்றே அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பதினொரு நாள் இருந்துவிட்டு வந்தாள்.

வந்ததும் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்போம், டெல்மர். சரிப்பட்டு வரலேன்னா வண்டியை வித்துடலாம்."

டெல்மர் கோடை முழுவதும் எங்கே தப்பு நடந்தது என்று யோசித்தார். கடைசியில் பிடித்துவிட்டார். பின்னால் இழுத்துப் போக ஒரு சின்னக் கார் இல்லை, அதுதான் குறை. கார் இருந்தால் வீடு நின்ற இடத்திலேயே நிற்கும், லவோன் நினைத்தபோது கடைக்குப் போய் வரலாம். அவளிடம் சொன்னார். அவள் கையிலிருந்த பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள்.

"கார் நல்ல யோசனைதான். ஆனா நான்தான் பொறுக்கி எடுப்பேன்."

அப்படித்தான் ரேண்டியிடம் வந்தது. அன்று மட்டும் ஆறு காரில் ஏறி உட்கார்ந்து ஆறையும் வேண்டாம் என்றாள்.

அக்டோபர் பிறந்தது. ஏரி ஓரம் உறையத் தொடங்கிவிட்டது. டெல்மருக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து ஊரில் ஒரு விவசாயியின் கொட்டகையில் இரண்டு கதவு வைத்த குட்டிக் கார் ஒன்று இருந்தது. இறகு போல எடை. இழுக்கும் கொக்கி மாட்டுவதற்கான இரும்புகூட முன்பே பொருத்தியிருந்தது. கேட்காமல் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

லவோன் ஏறி உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். "முழுசாச் சாயல."

"கடைக்குப் போற காரு, லவோன். பத்து நிமிஷம். எதுக்கு முழுசாச் சாயணும்?"

"இடுப்பு வலிக்கும்."

மறுநாளே டெல்மர் பழைய இரும்புக் கடைக்குப் போய், நொறுங்கிக் கிடந்த ஒரு பெரிய காரிலிருந்து நன்றாகச் சாயும் சீட் இரண்டைக் கழற்றி வந்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை லவோன் தங்கையோடு முன்பே தேவாலயத்துக்குப் போய்விட, அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று அந்தக் காரில் தனியாகப் புறப்பட்டார்.

தேவாலயத் திருப்பத்தில் சீட் அவரைக் கேட்காமல் முழுசாகச் சாய்ந்துவிட்டது. எழும்ப மறுத்தது. டெல்மர் காரின் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். பிரேக்கைத் தேடிய கால் வேறு எதையோ மிதித்தது.

வாசலில் காபியும் கையுமாக நின்ற லூத்தரன் சபையார் கண்டது இதுதான். ஆளே இல்லாத ஒரு கார் வளாகத்துக்குள் நுழைந்தது. பாதிரியாரை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது. விற்பனைக்குக் குவித்து வைத்திருந்த பூசணிக்காய் மேட்டில் ஏறி நின்றது. ஒரு கை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வந்து யாரையோ கூப்பிட்டது. பூசணிக்காய்கள் சரிவில் உருண்டோடின. ஒன்று ரோட்டைத் தாண்டி, எதிரே கத்தோலிக்கர்களின் தேவாலயப் படி வரைக்கும் போனது. அதைத் திருப்பிக் கேட்கலாமா கூடாதா என்று மூப்பர்கள் இரண்டு வாரம் கூடிப் பேசினார்கள்.

லவோன் வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே படுத்திருந்த கணவரைவிடச் சீட்டைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"சீட் நல்லாச் சாயுது. காருதான் பத்தாது."

மறுபடி ரேண்டி. இந்தத் தடவை உள்ளே இடம் அதிகமுள்ள ஒரு சாம்பல் நிறக் கார். லவோன் ஏறுவதற்கு முன் ஒரு வேலை சொன்னாள். டெல்மர் வெளியே நின்று அந்த நோட்டை ரேண்டிக்கு உரக்கப் படிக்க வேண்டும். டெல்மருக்கு அதில் என்ன ஆட்சேபம் இருக்க முடியும். படித்தார். ரேண்டி கேட்டான், கேட்கத்தான் வேண்டியிருந்தது. பத்து நிமிடம் கழித்து லவோன் இறங்கியபோது அவள் முகம் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவள் முகம் போல இருந்தது.

"இதுதான்."

பிறகு ரேண்டியிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்டாள். இன்ஜின் ஓடாதபோது ரேடியோ பாடுமா, காபி ஃபிளாஸ்க் வைக்க எங்கே இடம், முன் கண்ணாடிக்கு வெயில் மறைப்புத் திரை கிடைக்குமா. ரேண்டி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் டெல்மருக்குத் தலை சுற்றியது. வீட்டு வண்டியும் காரும் சேர்ந்தால் எடை, அனுமதித்த அளவைவிட முன்னூறு பவுண்டு கூடுதல். எதையாவது இறக்கியாக வேண்டும். அவருடைய கருவிப் பெட்டி இறங்கியது. இறைச்சி சுடும் அடுப்பு இறங்கியது. இன்னும் எண்பது பவுண்டு மிச்சம்.

"வீட்டு வண்டியில டிரைவர் பக்கத்துல இருக்கே ஒரு சீட்டு, அதைக் கழட்டிடு," என்றாள் லவோன்.

"அப்ப நீ எங்க உக்காருவ?"

"பின்னாடி படுத்துக்கறேன். உன் வண்டிக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

டெல்மர் ஸ்பானர் தேடுவது போல ஷெட்டுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தோரு வருஷ வாழ்க்கையில் அவள் தனக்காக இப்படி ஒரு தியாகம் செய்ததாக அவருக்கு நினைவில்லை.

முதல் பனி விழுந்த வியாழக்கிழமை காலை கிளம்பினார்கள். பின்னால் போய்க் காரின் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பது லவோன் வேலை. பார்த்துவிட்டு வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்கும். டெல்மர் கிளப்புவார். பின்பக்கம் பார்க்க வைத்திருந்த சிறு கேமராத் திரையில் காரின் முன் கண்ணாடி, வெள்ளி நிற மறைப்போடு சூரியன் போல மின்னிக்கொண்டு கூடவே வரும்.

அயோவா மாநிலம் முழுவதும் டெல்மர் பேசினார். சோள விளைச்சல், பாலங்களின் உயரம், முன்னால் போகும் லாரியின் டயர் நிலவரம் எல்லாவற்றையும் படுக்கையறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். பதில் வரவில்லை. மறுப்பும் வரவில்லை. போன வருஷம் இந்நேரம் நாலு தடவை "தெரியும், டெல்மர்" வந்திருக்கும். எங்கே நிறுத்தினாலும் லவோன் அவருக்கு முன்பே இறங்கி நின்று சோம்பல் முறித்தாள்.

அன்று சாயங்காலம் பார்த்தால் கார் பேட்டரி தீர்ந்து கிடந்தது. டெல்மர் நாளைக்கும் காரை எடுக்கப் போவதில்லை, போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். லவோன் கேட்கவில்லை. இப்போதே சரி செய்தாக வேண்டும் என்று நின்றாள். வீட்டு வண்டியிலிருந்து காருக்கு ஒரு ஒயர் இழுத்துக் கட்டி, ஓடும்போதே பேட்டரி ஏறும்படி செய்தார்.

மறுநாள் பேட்டரி நிறைந்திருந்தது. ஆனால் காருக்குள் ரொட்டித் துணுக்குகள் சிந்திக் கிடந்தன. எலி என்று டெல்மர் தீர்மானித்தார். ஒயரைக் கடித்தால் எல்லாம் பாழ். சீஸ் துண்டு வைத்து முன் சீட்டுக்குக் கீழே, தொட்டால் கம்பி பட்டென்று அடிக்கும் எலிப்பொறி ஒன்று வைத்தார். சின்ன விஷயம் என்று லவோனிடம் சொல்லவில்லை.

கன்சாஸில் மத்தியானம் நிறுத்தியபோது லவோன் நொண்டிக்கொண்டு வந்தாள். கால் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டேன்."

டெல்மர் போய்ப் பொறியைப் பார்த்தார். விழுந்திருந்தது. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

"தப்பிச்சுடுச்சு. பொறியையே ஒரு முழம் தள்ளி விட்டிருக்கு. பெரிய எலியாத்தான் இருக்கணும்."

"அவ்வளவு பெரிசில்ல," என்றாள் லவோன்.

இன்னும் மூன்று பொறி வைக்கிறேன் என்று அவர் கிளம்பியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். "விட்டுடு. பாவம், அதுவும் ஒரு ஜீவன்." வீட்டில் எலியைக் கண்டால் மண்வெட்டியோடு துரத்துகிறவள் அவள். பயணம் மனிதரை எவ்வளவு மென்மையாக்கிவிடுகிறது என்று டெல்மர் நெகிழ்ந்துபோனார்.

உண்மையில் அவள் மாறித்தான் இருந்தாள். சாயங்காலங்களில் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "இன்னிக்கு என்னவெல்லாம் பார்த்தே, சொல்லு," என்று அவளே கேட்டாள். அவர் காலையிலிருந்து சொன்னது எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்போதுதான் முதல் தடவை கேட்பவள் போலக் கேட்டாள். நடுவில் சிரித்தாள். ஒருநாள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். டெல்மர் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் 'எல்லாம் காரால்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

ஐந்தாம் நாள், வீட்டு வண்டிகள் தங்கும் அரிசோனா முகாமின் வாசலில் போய் நின்றார்கள். வெயில் பளீரென்று அடித்தது. வாசல் பொறுப்பாளர் ஐரீன், வைக்கோல் தொப்பி போட்ட ஒல்லியான பெண்மணி, பெயரைப் பதிந்துகொள்ள வந்தார். டெல்மர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, கியர் பெட்டியில் தொடங்கி, பதினொரு கார்கள், சாயும் சீட்டு, எடை, பேட்டரி, எலி வரைக்கும் சொன்னார். ஆயிரத்து எழுநூறு மைலில் ஒரு சின்னச் சண்டைகூட இல்லை என்றார். பொருத்தமான கார் அமைந்துவிட்டால் குடும்பமே அமைந்துவிடும், வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லுங்கள் என்றார்.

ஐரீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கார் நம்பரைக் குறித்துக்கொள்ளப் பின்னால் போனார். போனவர் திரும்ப நேரமாயிற்று. வரும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பார்த்தீங்களா, எப்படி இருக்கு கார்?" என்று பெருமையாகக் கேட்டார் டெல்மர்.

"கார் நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் ஐரீன். "உள்ளே ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு உக்காந்திருக்காங்க. முன்னாடி வண்டியில பேச்சு நின்னுடுச்சான்னு பார்த்துட்டு வந்து சொல்லணுமாம், அப்புறமாத்தான் இறங்குவாங்களாம்."