குழாய்க்குள் மட்டும் பெய்த மழை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது. அதை நினைத்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தோன்றும். நீங்களும் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போது முடியாது. சிரிப்புக்கு முன்னால் ஓர் எருமையின் கையெழுத்து வேண்டும். எருமை சாப்பிடப் போயிருக்கிறது. உட்காருங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது கடலோரக் காடு. நாளுக்கு நாள் வளர்ந்தது. மரம் வளரவில்லை, காடு மட்டும் வளர்ந்தது. முயல்கள் பதினான்கு மாடி வளை கட்டின. கரையான்கள் ‘கடல் பார்த்த புற்று, இன்னும் சில புற்றுகளே உள்ளன’ என்று பலகை வைத்தன. மாடிக்கு நாலு கக்கூஸ்.

பாதாளச் சாக்கடை அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டால், இந்தக் கட்டம் முடிந்ததும். இந்தக் கட்டம் எப்போது முடியும் என்று கேட்டால், அது அடுத்த கட்டத்தில் தெரியும். கக்கூஸ் அதுவரை பொறுக்குமா? தெருவோரம் மழைநீர் வடிகால் ஒன்று சும்மா கிடந்தது. ஆளாளுக்கு ஒரு குழாயைக் கொண்டுவந்து அதில் செருகினார்கள். முதல் குழாயைச் செருகியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அது சிரிப்புப் பகுதியைச் சேர்ந்தது.

அந்த வடிகால் போய் முடிகிற இடம் முகத்துவாரம். அங்கே சேற்றில் வளை தோண்டிக் குடியிருந்தாள் தேசம்மா என்கிற நண்டு. வயிறு நிறையச் சினை. சித்ரா பௌர்ணமி அன்று கடல் ஏறும்போது அவள் முட்டைகளைத் தண்ணீரில் விட வேண்டும். அன்று விட்டால்தான் குஞ்சுகள் கடலுக்குள் போய்ச் சேரும். போன சித்ரா பௌர்ணமிக்கும் விட்டாள். தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. இந்தத் தடவை இன்னும் பதினொரு நாள் பாக்கி.

இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, கவனித்தேன். நல்லது. எருமை வந்துவிட்டார்.

‘வந்துவிட்டது’ என்றுதானே சொல்ல வேண்டும் என்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்த மிருகத்துக்கு இந்தக் காட்டில் ‘அது’ கிடையாது, ‘அவர்’தான். எருமை ஏகாம்பரம், மழைநீர் வடிகால் பிரிவின் உதவிப் பொறியாளர். சாப்பிட்டுவிட்டு வந்து, சாப்பிட்டதையே மறுபடி மென்றுகொண்டிருந்தார்.

“சார், என் வூட்டு வாசல்ல சாக்கடை கொட்டுது சார்,” என்றாள் தேசம்மா.

“எந்த வாசல்?”

“முகத்துவாரம். வடிகால் வாய்க்கு நேர் எதுக்க.”

“அது மழைநீர் வடிகால்மா. அதுல மழைநீர்தான் வரும். போர்டு வெச்சிருக்கே, படிக்கலியா?”

“மழ பெஞ்சு ஆறு மாசம் ஆவுது சார்.”

“அப்ப தண்ணியே வராது.”

“வருதே!”

“வந்தா அது மழைத்தண்ணி.”

“கறுப்பா வருது சார்.”

“கார்மேகம்.”

“நாறுது சார்!”

“மண்வாசனை.”

“வெள்ளிக்கிழம ஆனா செக்கச்செவேல்னு வருது சார். முடி முடியா மெதக்குது.”

எருமை ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தினார். “அந்தி மழையா இருக்கும். சாக்கடைன்னா எதிர் கட்டடம், போம்மா.”

எதிர் கட்டடத்தில் கழிவுநீர்ப் பிரிவு. அங்கே இருந்த பன்றி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னார். “எங்க குழாயில வந்தாத்தான் அது கழிவுநீர். உங்க ஏரியாவுல எங்களுக்குக் குழாயே கிடையாது. அங்க யாரும் வெளிக்கே போறதில்லன்னுதான் எங்க ரெக்கார்டு சொல்லுது.”

மூன்று நாள் தேசம்மா இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடந்தாள். மற்ற மிருகங்கள் அலுவலகத்துக்குள் நேராக நடக்கப் பார்த்துக் களைத்துப்போகும். நண்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு மேசையிலிருந்து பக்கத்து மேசைக்கு, அங்கிருந்து அதற்குப் பக்கத்து மேசைக்கு என்று அவள் பிறவியிலேயே பக்கவாட்டில் போகிறவள். அப்படியும் கால் வலித்தது. எட்டுக் காலும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல நீதிக்கதை என்றால் வயதான ஆமை ஒன்று வந்து விடாமுயற்சியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும். ஆமை இருந்தது. வயது நூற்றெழுபது. பிறப்புச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றது.

“விடாமுயற்சியப் பத்தி எதுனா சொல்லேன் தாத்தா,” என்றாள் தேசம்மா.

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா, என் இடம் போயிடும்,” என்றது ஆமை.

தேசம்மா தள்ளி நின்றாள். தள்ளி நின்ற இடத்தில் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. அதில் மேயர் சிங்கம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிடரி செக்கச்செவேல் என்று காற்றில் பறந்தது. கீழே கொட்டை எழுத்தில்: ‘ஒரு சொட்டு மழைநீரும் இனி கடலுக்குப் போகாது! சித்ரா பௌர்ணமி அன்று மழைநீர் சேகரிப்பு மாதிரித் திட்டம் திறப்பு விழா. சேகரித்த மழைநீரை மேயரே பருகிக் காட்டுவார்!’

தேசம்மாவின் இரண்டு கண்களும் காம்போடு நிமிர்ந்தன. அந்தப் பிடரியை அவளுக்குத் தெரியும். வாரா வாரம் அவள் வாசலில் மிதந்து வருகிற முடிதான் அது.

நேராக, அதாவது பக்கவாட்டில், எருமையிடம் போனாள்.

“சார், எம்மேல தான் தப்பு. அது மழத்தண்ணிதான். அத்த அப்டியே எழுதி சீல் போட்டுக் குட்துடு சார், நான் பேசாம பூட்றேன்.”

எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷ சர்வீஸில், மனு கொடுத்தவர் ஒத்துக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை. ‘மேற்படி வடிகாலில் நாளொன்றுக்கு இரண்டு லட்சம் லிட்டர் அளவில் வருவது மழைநீரே எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று எழுதினார். வட்ட சீல் ஒன்று குத்தினார். சந்தோஷத்தில் நீள சீலும் குத்தினார். வானிலைப் பிரிவும் பார்த்துவிட்டால் நல்லது என்று தவளையைக் கூப்பிட்டார்.

தவளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “மேகமே இல்லியே சார்?” என்றவர் சீலைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். “அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்கு வானம் தெளிவாகக் காணப்படும். குழாயின் உட்பகுதிகளில் அநேக இடங்களில் கனமழை பெய்யக்கூடும். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மிகக் கனமழைக்கு வாய்ப்பு உண்டு.”

சிரித்துவிட்டீர்களா? அவசரப்பட்டுவிட்டீர்கள். நான் சொன்னது இது இல்லை. இது உதிரிச் சிரிப்பு.

அதே நேரம் மேயரின் அந்தரங்க உதவியாளர் நரி நமச்சிவாயம், தன் நகம் பத்தையும் கடித்து முடித்துவிட்டு டிரைவரின் விரலைக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். விழாவுக்குப் பந்தல் தயார், மாலை தயார், வெள்ளி டம்ளர் தயார். மழைதான் இல்லை. சித்திரை வெயிலில் மழைக்கு எங்கே போவது? அப்போது கதவிடுக்கு வழியாக ஒரு நண்டு உள்ளே வந்தது.

“ஐயா, மழத்தண்ணி அநியாயமா கடலுக்குப் போவுது ஐயா. ஒரு நாளிக்கு ரெண்டு லட்சம் லிட்டரு. மனசு கேக்கல, அதான் ஓடியாந்தேன்.”

“மழையா? இப்பவா?”

“சீலப் பாருங்க.”

நரி சீலைப் பார்த்தார். காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். வடிகால் பக்கம் வசிக்கிறவள் கையில் வந்த காகிதம் அல்லவா? “இது என்னம்மா, ஒரு மாதிரி...”

“மண்வாசன ஐயா. எருமை சாரே சொன்னாரு.”

நரி தந்திரசாலி என்று எல்லாக் கதையிலும் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை நம்பி இவர் ரொம்ப வருஷமாக யோசிப்பதையே விட்டிருந்தார். தேசம்மாவை இரண்டு கையாலும் தூக்கி, “எங்கம்மா இருந்த இவ்ளோ நாளா!” என்று கூத்தாடினார்.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. முகத்துவாரத்தில் வடிகாலின் வாயை கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். ஒரு பெரிய மோட்டாரை இறக்கினார்கள். அங்கிருந்து நீல நிறக் குழாய் ஒன்றை, கரையிலேயே இருந்த மேயர் பங்களாவின் தரைக்கடித் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். மேயர் வீட்டிலிருந்துதானே மாதிரித் திட்டம் தொடங்க வேண்டும்?

எருமைக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். “சார், கூழாங்கல், மணல், கரி போட்டு ஒரு வடிகட்டி வெச்சிடலாமா?”

“வடிகட்டியா?” நரி பதறிவிட்டார். “வடிகட்டி வெச்சா, வடிகட்ட உள்ள ஏதோ இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிடாதா? மேகத்துல வடிகட்டி இருக்கா ஏகாம்பரம்?”

“இல்லதான் சார்,” என்று சொல்லி எருமை உறுத்தலையும் மென்றுவிட்டார்.

ஐந்து நாளில் வேலை முடிந்தது. மூன்று நாளாக மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பியது. திறப்பு விழாவுக்கு முன்னால் யாரும் தொடக் கூடாது என்று தொட்டிக்கு ரிப்பன் கட்டி வைத்தார்கள். இந்தப் பக்கம் முகத்துவாரத்தில் முதல் நாள் கறுப்பு வற்றியது. இரண்டாம் நாள் கடல் உள்ளே வந்து சேற்றைக் கழுவியது. மூன்றாம் நாள் தேசம்மா குனிந்து தன் கால்களைத் தண்ணீருக்குள்ளேயே பார்த்தாள். எட்டும் இருந்தன.

சித்ரா பௌர்ணமி மாலை. பங்களாத் தோட்டத்தில் மேடை. மனு கொடுத்த மகராசி என்பதால் தேசம்மாதான் டம்ளரை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று நரி ஏற்பாடு செய்திருந்தார். அவளுக்கு மேடையிலிருந்து கடல் தெரிந்தது. இன்னும் ஏறவில்லை. அவள் வளைக்குப் பக்கத்தில் ஒரு முளைக்கம்பு உண்டு. அது முழுகினால்தான் முட்டையை விட நேரம். அதற்குள் சிங்கத்துக்கு விஷயம் புரிந்துவிட்டால் மோட்டாரை நிறுத்துவார், வடிகாலின் அடைப்பை உடைப்பார், கறுப்புத் தண்ணீர் திரும்ப வரும். ஆகவே கடல் ஏறும்வரை சிங்கத்துக்குப் புரியக் கூடாது. உங்களுக்கும் சிரிப்பு வரக் கூடாது.

“ஊர்வன, பறப்பன, நடப்பன அனைவருக்கும் என் பிடரி தாழ்ந்த வணக்கம்!” என்று முழங்கினார் சிங்கம். “சித்திரையில் மழை எங்கே என்று எதிர்க்கட்சிக் கழுதைகள் கேட்டன. கேட்ட கழுதைகளே, கண் இருந்தால் பாருங்கள்! இதோ, என் டம்ளரில் பெய்திருக்கிறது மழை!”

குடித்தார். ஒரே மடக்கு.

சிங்கத்தின் மீசை மட்டும் தனியாகத் துடித்தது.

“மண்வாசனை ஐயா,” என்று நரி காதில் ஓதினார்.

“ஆகா!” என்றார் சிங்கம். “என்ன ஒரு மண்வாசனை!”

கைதட்டல். தேசம்மா கடலைப் பார்த்தாள். கம்பில் கால்வாசிதான் முழுகியிருந்தது.

“போட்டோக்கார அண்ணே,” என்று காக்கையைக் கூப்பிட்டாள். “ஐயா கண்ண மூடிட்டாரு போலக்கீதே?”

காக்கை கேமராவைப் பார்த்தார். “ஆமா. ஐயா, இன்னொரு தடவை ப்ளீஸ். சிரிச்ச முகமா.”

இரண்டாவது டம்ளர். சிரித்த முகமாக. கம்பில் பாதி.

“வீடியோ எட்த்தாங்களா?” என்றாள் தேசம்மா. எடுக்கவில்லை. மூன்றாவது டம்ளர். முக்கால் கம்பு.

“ஐயா, டேஸ்ட் எப்டிக்கீதுன்னு பப்ளிக்குக்கு ரெண்டு வார்த்த.”

சிங்கம் நாக்கைச் சுழற்றி யோசித்தார். “எப்படிச் சொல்வது... எங்கேயோ பழகின சுவை. வேற்று மழை மாதிரியே இல்லை. நம் வீட்டு மழை மாதிரி இருக்கிறது!”

மறுபடி கைதட்டல். தேசம்மா நான்காவது டம்ளரை நிரப்பி சிங்கத்தின் கையில் வைத்தாள். கடலைப் பார்த்தாள். கம்பைக் காணோம். யாரும் கவனிப்பதற்குள் பக்கவாட்டில் மேடையை விட்டு இறங்கி, தோட்டத்தைத் தாண்டி, தண்ணீருக்குள் போனாள். வயிற்று மடலைத் திறந்து உதறினாள். மிளகுத்தூள் போல லட்சம் புள்ளிகள் தெளிந்த தண்ணீரில் பரவி, கடல் இறங்குகிற பக்கம் திரும்பின. கடைசிப் புள்ளி போகும்வரை அவள் உதறிக்கொண்டே இருந்தாள்.

இனி யாருக்கும் எப்போது வேண்டுமானாலும் புரியலாம்.

மேடையில் நான்காவது டம்ளரை வாயில் வைத்த சிங்கம் சட்டென்று நிறுத்தினார். பல்லிடுக்கில் என்னவோ. பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. ஒரு முழ நீளத்துக்கு ஒற்றை முடி. செக்கச்செவேல் என்று. வேர்ப்பக்கம் மட்டும் ஓர் அங்குலம் வெள்ளை.

“நமச்சிவாயம்.”

“ஐயா.”

“இந்தக் காட்டுல பிடரி யாருக்கெல்லாம் இருக்கு?”

“தங்களுக்கு மட்டும்தான் ஐயா.”

“சிவப்பா?”

“பிறவிச் சிவப்பு ஐயா,” என்ற நரி, அந்த ஓர் அங்குல வெள்ளையைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

சிங்கம் முடியைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தொட்டிக்கு வருகிற நீலக் குழாயைப் பார்த்தார். நீலக் குழாய் புறப்படுகிற வடிகாலைப் பார்த்தார். கடைசியாக, தன் பங்களாவின் பின்சுவரிலிருந்து இறங்கி அதே வடிகாலுக்குள் போகிற பழைய குழாயைப் பார்த்தார்.

“ஏகாம்பரம்,” என்றார் மெதுவாக. “இந்த மழை எங்க பெய்யுது?”

எருமை கோப்பைப் புரட்டினார். “முதல் இணைப்பு... அதாவது முதல் தூறல், நம்ம பங்களாதான் ஐயா. பின்பக்கம். குளியலறை.” கொஞ்சம் மென்றார். “அதுக்குப் பக்கத்துக் கதவு ஒண்ணு இருக்கு பாருங்க, அங்கதான் ஐயா கனமழை.”

சிங்கம் நான்காவது டம்ளரைக் கீழே வைத்தது. முதல் மூன்றைக் கீழே வைக்க வழியில்லை என்பது அதற்குப் புரிந்தது.

சரி. இப்போது சிரிக்கலாம்.

நீதி: சாக்கடையை மழை என்று பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, டம்ளரை எடுத்து நீட்டு.