நான் கட்டம் போட்டு மாற்றிய குழந்தைகள்

முப்பத்தெட்டு வருஷ நர்ஸ் உத்தியோகத்தில் நான் ஒரே ஒரு குழந்தையைத்தான் தவறான தாயிடம் கொடுத்திருக்கிறேன். சரியாகச் சொல்லப்போனால் இரண்டு. ஒரு குழந்தையை மட்டும் தனியாக மாற்றிக் கொடுத்துவிட முடியாது. கூடவே இன்னொன்றும் மாறித்தான் ஆக வேண்டும். இப்படி நுணுக்கமாக யோசிக்கிற புத்தி எனக்கு இருபது வயதிலேயே இருந்தது. அந்தப் புத்தியால்தான் மாற்றினேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் எட்டே கட்டில் உள்ள ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அந்த ஓட்டுக் கட்டடமே இப்போது இல்லை. அங்கே ஒரு லேடி டாக்டர், மரகதம் சிஸ்டர் என்ற ஹெட் நர்ஸ், தாயம்மா என்ற ஆயா, அப்புறம் பயிற்சி முடித்து மூன்று மாதமே ஆன நான்.

என் அண்ணனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. கப்பல்களில் படித்துவிட்டுப் போட்ட பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கொண்டுவருவான். அவற்றின் கடைசிப் பக்கத்தில் ஒரு புதிர் இருக்கும். நான்கு பேர், நான்கு ஊர், நான்கு குடை. யார் எந்த ஊர், எவர் கையில் எந்தக் குடை என்று கண்டுபிடிக்க வேண்டும். நேராகச் சொல்ல மாட்டார்கள். 'சிவப்புக் குடைக்காரர் மதுரைக்காரர் அல்ல' என்கிற மாதிரி ஐந்தாறு குறிப்புகள் மட்டும் தருவார்கள். இடப்பக்கம் பெயர்களையும் மேலே குடைகளையும் எழுதிக் கட்டம் போட வேண்டும். இல்லை என்றால் பெருக்கல் குறி, ஆமாம் என்றால் சரிக் குறி.

சாதாரண ஜனங்கள் இதோடு நின்றுவிடுவார்கள். நான் நிற்கவில்லை. இரண்டு பேருக்கு இரண்டே குடைகள்தான் மிச்சம் என்றால், எது யாருடையது என்று தெரியாமலேயே அந்த இரண்டும் மற்றவர்களுக்கு இல்லை என்று அடித்துவிடலாம். எண் தெரியாவிட்டாலும், எது பெரியது எது சிறியது என்று தெரிந்தால் போதும், வரிசை கட்டிவிடலாம். எதுவுமே ஓடவில்லையா? ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். எங்காவது இடித்தால் அது பொய். இதையெல்லாம் நானாகவே கண்டுபிடித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் வறுத்த மீனில் யார் ஒரு துண்டு கூடுதலாகத் தின்றது என்பதைக்கூடக் கட்டம் போட்டுத்தான் கண்டுபிடித்தேன். (அண்ணன்தான். கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். கேட்பது எனக்குக் கௌரவமாகப் படவில்லை.)

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அப்போது வார்டில் நான்கு தாய்மார்கள், நான்கு குழந்தைகள். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள்.

பெண் குழந்தைகளில் ஒன்று எல்லம்மாவுடையது. காசிமேட்டுக்காரி; புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். அவளுக்கு இதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஒரு வாரம் இருந்தது, இன்னொன்று ஒரு மாதம். அதனால் இது பிறந்த மூன்று நாளும் குழந்தையைக் கீழேயே விடவில்லை. தொட்டிலில் போடச் சொன்னால், "தொட்டிக்கு இன்னா தெரியும்?" என்பாள்.

இன்னொன்று கதீஜாவுடையது. புருஷனுக்குத் தண்டையார்பேட்டையில் கயிறும் கித்தானும் விற்கிற கடை. ரொம்ப நேரம் வலியெடுத்துக் களைத்து, அன்று காலையில்தான் பெற்றாள். குழந்தையின் முகத்தை அரை நிமிஷம் பார்த்துவிட்டு அசந்து தூங்கிப் போனாள்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வார்டுக் கூரையில் ஓடு சரிந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. மரகதம் சிஸ்டரும் தாயம்மாவும் தாய்மார்களைக் கைத்தாங்கலாக முன்கூடத்துக் கட்டில்களுக்கு நடத்திப் போனார்கள். எல்லம்மா மட்டும் குழந்தையோடுதான் வருவேன் என்று நின்றாள். வழுக்குகிற தரையில் பச்சை உடம்புக்காரி குழந்தையோடு நடக்கக் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில் என் கையில் கொடுத்தாள்.

"பத்ரமா எட்த்துகினு வா நர்ஸம்மா."

"ரெஜினா, ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போ. ஒண்ணை வெச்சுட்டு வந்து அடுத்ததை எடு" என்று சிஸ்டரும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு தடவை நடப்பதா? துணி மூட்டைகளை ஏற்றுகிற தள்ளுவண்டி மூலையில் சும்மா நின்றது. நான்கு குழந்தைகளையும் அதில் வரிசையாகப் படுக்க வைத்து ஒரே நடையில் தள்ளினேன். தாழ்வாரத் திருப்பத்தில் ஓட்டுத் தண்ணீர் முழுசாக வண்டியின் மேல் விழுந்தது. அலறியடித்துக்கொண்டு துணி அறைக்குள் நுழைந்து, நாலு பேருடைய ஈரத் துணியையும் உருவிப் போட்டு, அலமாரியில் இருந்த துணிகளில் சுற்றினேன். அவையும் மழைக்காலத்து நமுத்த துணிகள்தான். சுற்றி முடித்த பிறகுதான் மணிக்கட்டுகளைப் பார்த்தேன்.

தாயின் பெயரை மையால் எழுதிய காகிதச் சீட்டை நூலில் கோத்துக் குழந்தையின் கையில் கட்டியிருப்போம். இப்போது நான்கு கைகளிலும் நான்கு நீலக் கறைகள் இருந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை.

அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் தள்ளுவண்டி விஷயம் வெளியே வரும். தாய்மார்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் சீட்டு அழிந்தது தெரிந்துவிடும். அப்படிப் பயந்துகொண்டிருந்தபோதே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனசின் ஓரத்தில் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. நான்கு தாய், நான்கு குழந்தை, பிறந்த எடைகள் எழுதிய பதிவேடு. கடவுளே எனக்காகத் தயாரித்த புதிர் மாதிரி இருந்தது.

நோயாளியின் ஜுரத்தைக் குறிக்கிற அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன்.

முதலில், இருவருக்கு இரண்டே இடம் என்ற என் உத்தியைப் பிரயோகித்து, பெண் பெற்ற தாய்மார்களுக்குப் பையன்கள் இல்லை என்றும், பையன் பெற்றவர்களுக்குப் பெண்கள் இல்லை என்றும் எட்டுப் பெருக்கல் குறிகள் போட்டேன். (துணியை விலக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரிகிற விஷயம். எனக்கு எட்டுக் குறி தேவைப்பட்டது.) பையன்களில் ஒருவன் எட்டு பவுண்டு, மற்றவன் ஐந்து. அதுவும் முடிந்தது.

பெண்கள்தான் மிச்சம். இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுத்த முடி, ஒரே மாதிரி அழுகை. பதிவேட்டின்படி எல்லம்மாவின் குழந்தை ஏழு பவுண்டு. கதீஜாவின் குழந்தை அதைவிடக் கால் பவுண்டு குறைவு. சுற்றிய துணியோடு இரண்டையும் தராசில் வைத்தேன். ஒரு எண்ணும் பதிவேட்டோடு பொருந்தவில்லை. நமுத்த துணியின் கனம் என்று முடிவு செய்துகொண்டேன். எண் பொருந்தாவிட்டால் என்ன, எது அதிகம் என்பது மாறாதல்லவா? ஒன்று மற்றதைவிடக் கச்சிதமாகக் கால் பவுண்டு கூட இருந்தது. எதிர்மாறாக இருந்தால் என்று ஒரு தடவை கற்பித்தும் பார்த்தேன், பதிவேட்டோடு இடித்தது. ஆகவே கனமானது எல்லம்மாவுடையது. சரிக் குறி போட்டேன். எல்லாக் கட்டங்களும் அழகாக மூடிக்கொண்டன.

பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறையும்; எல்லம்மாவின் குழந்தைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. எடை குறைவது நர்ஸ் பயிற்சியில் முதல் வருஷப் பாடம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

புதுச் சீட்டுகள் எழுதிக் கட்டி, இந்தத் தடவை சொன்னபடி ஒவ்வொன்றாகவே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கதீஜா தூக்கக் கலக்கத்தில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லம்மா வாங்கினாள். பார்த்தாள். திருப்பி நீட்டினாள்.

"இது எம் புள்ள இல்லமா."

"உன் பிள்ளைதான். சீட்டைப் பாரு, உன் பேருதான் இருக்கு."

"சீட்டு கெடக்கட்டும். எம் புள்ள எங்க?"

குரல் உயரவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பக்கத்துக் கட்டில்காரி, "ரெண்டு போயிட்ச்சில்ல, அந்த பயத்துல பேசுது பாவம்" என்றாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். எல்லம்மாவின் தோளைத் தட்டி, பயப்படாதே என்றேன். அவள் குழந்தையை நீட்டியபடியே இருந்தாள். பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. பையிலிருந்து அந்த ஜுர அட்டையை எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணுக்குக் கட்டத்தை விளக்கினேன். இது நீ, இது குழந்தை, இங்கே பெருக்கல், ஆகையால் இங்கே சரி.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அட்டையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இந்தக் கட்டமா பெத்துச்சு? நானு பெத்தேன்மா."

"அப்படின்னா ஏதாவது அடையாளம் சொல்லு. மச்சம், தழும்பு…"

"அட்யாளம்லாம் ஒண்ணும் கெடயாது. மூணு நாளா எம் மடில கீது. எனக்குத் தெரியாதா?"

எனக்கு அது குறிப்பாகவே படவில்லை. கட்டத்தில் போட முடியாத குறிப்பு.

அதற்குள் அவள் கையிலிருந்த குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. எல்லம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "யார் பெத்த புள்ளையோ, நீ இன்னா பண்ணுவ, பசிக்குதுல்ல" என்று அதனிடம் சொல்லிவிட்டு, சேலையை விலக்கிப் பால் கொடுத்தாள். குடித்து முடிந்ததும் அதைத் தோளில் போட்டுத் தட்டியபடி எழுந்தாள். நான் குறுக்கே நின்றேன். என்னைத் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு போனாள். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு கட்டிலாக நின்று பார்த்து, கதீஜாவின் கட்டிலுக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதீஜாவின் மடியிலும் குழந்தை அப்போதுதான் பால் குடித்து முடித்திருந்தது.

"யம்மா, உங்கிட்ட கீறது எம் புள்ள. இதான் உன்னுது."

கதீஜா விழித்தாள். "நர்ஸம்மா இதான் என்னுதுன்னு குடுத்தாங்களே?" என்று என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு குழந்தையையும் மறு குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குத் தெரியலியே… யா அல்லா, நான் பெத்தது எனக்கே தெரியலியே" என்று அழுதாள். அந்த அழுகைக்கு முழுக் காரணம் நான். எல்லம்மா ஒரு கையை நீட்டி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைலதான பெத்த. உனுக்கு எப்டிமா தெரியும்? அழுவாத."

சத்தம் கேட்டு மரகதம் சிஸ்டர் வந்தார். கதையைக் கேட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு குழந்தைகளின் துணியையும் வயிற்றுக்கு மேல் விலக்கினார். ஒன்றின் தொப்புள் கொடி காய்ந்து கறுத்துச் சுருங்கியிருந்தது. மற்றதன் கொடி பச்சையாக, ஈரமாக இருந்தது. மூன்று நாள் குழந்தை எது, காலையில் பிறந்தது எது என்று கண்ணிருக்கிற யாரும் சொல்லிவிடலாம். நானோ அதன் மேலேயே துணியைச் சுற்றிவிட்டுப் போய்க் கட்டம் போட்டிருந்தேன். என் கட்டத்தில் தொப்புளுக்கு வரிசை இல்லை.

சிஸ்டர் குழந்தைகளை மாற்றிக் கொடுத்தார். எல்லம்மா தன் குழந்தையை வாங்கி முகர்ந்தாள். அதுவரை சத்தமில்லாமல் அழுதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

என்னை வீட்டுக்கு அனுப்புவதா என்பதை இரு குடும்பமும் சொல்லட்டும் என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை கதீஜாவின் புருஷன் வந்தார். வேறு மதத்துப் பெண்ணின் பால். என்ன ஆகுமோ என்று நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்: "அந்தம்மா பால் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க" என்றார் சிஸ்டர்.

அவர் எல்லம்மாவின் கட்டிலருகே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எங்க வழக்கத்துல பால் குடுத்தவங்களும் தாய்தான். இனிமே எங்க வூட்டுக்கு நீங்க சொந்தம்."

எல்லம்மாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "இன்னா சாயபு, ஒரு வேள குட்ச்சதுக்கா?"

"ஒரு வேளையோ, எத்தினி வேளையோ. எங்களுக்குச் சொந்தம்தான். உங்க பொண்ணும் எங்க வூட்டுப் பால் குடிச்சிகீது, மறந்துடாதீங்க."

டாக்டர் எல்லம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்டார். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வூட்டுக்குலாம் அனுப்பாதமா. சின்னப் பொண்ணு. ஆனா எம் புள்ளையாண்ட மட்டும் வரக் கூடாது."

அவள் போகும்வரை நான் அந்தக் கட்டில் பக்கம் போகவில்லை. தாயம்மாதான் போனாள்.

எல்லம்மாவின் மகளுக்கு மீனாட்சி என்று பெயர் வைத்தார்கள். கதீஜாவின் மகளுக்குப் பாத்திமா. பண்டிகைக்குப் பண்டிகை தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேட்டுக்குப் பிரியாணி வரும். காசிமேட்டிலிருந்து வஞ்சிர மீன் போகும். இரண்டு வீட்டிலும் எனக்கு இடம் கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. கிடைத்தபோது கூடவே ஒரு பெயரும் கிடைத்தது, 'கட்டம் போட்ட நர்ஸ்'. சாவி காணவில்லையா, செருப்பு மாறிப் போச்சா, "ரெஜினாம்மாவக் கூப்புடு, கட்டம் போட்டுச் சொல்லுவாங்க" என்பார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள்வரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பாத்திமாவின் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் முழு வரிசையும் உட்கார்ந்திருக்க, கதீஜா அந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். நான் விளக்கியது மாதிரியே விரலால் காற்றில் கட்டம் போட்டுக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வேறென்ன செய்வது?

எல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கதையை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாராவது சொல்ல ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கும் மீனாட்சியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். கதை முடிகிறவரை விட மாட்டாள்.