பத்து கிலோமீட்டரை நான் அழித்த காலை

மாசி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை, கொல்லிமலைப் பக்கமிருந்து லேசான காற்று, வெப்பம் இருபத்தொரு டிகிரி. இவ்வளவையும் துல்லியமாகக் குறித்து வைத்துக்கொண்டவன்தான், அன்று முக்கியமான ஒன்றைத் தொலைத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு வே பிரிட்ஜில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். லாரி மேடை மேல் ஏறும், எடை காட்டும், எழுதுவேன், சீட்டு கொடுப்பேன். லாரிகள் எங்கெங்கோ போய் வந்தன. நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் நூற்றுப்பத்து மீட்டர். (அதிலும் கடைசி முப்பது மீட்டர் நாய் துரத்தியதால்.) மூன்று வருடத்தில் அது ஒன்பது கிலோமீட்டர் ஆனது.

நாமக்கல்லில் ஓர் ஓட்டக் குழு பந்தயம் நடத்துவதாக அறிவித்தது. அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள் பெயர் கொடுக்க ஒரு நிபந்தனை: பத்து கிலோமீட்டரைத் தொண்ணூறு நிமிடத்துக்குள் ஓடி, கடிகாரத்தில் பதிவானதை அனுப்ப வேண்டும். கடைசி நாள் அந்த ஞாயிறு, மாலை ஆறு மணி. எனக்கு அறுபத்தேழு. பந்தயத்தில் ஓடுபவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் அந்த நெஞ்சு எண்ணை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்தேன். ஊரில் பத்தொன்பது பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

கோவையில் இருக்கும் மகள் ஜிபிஎஸ் கடிகாரம் ஒன்று அனுப்பியிருந்தாள். ஐந்து பொத்தான். பதினேழு நாள் பழகினேன். அதன் கையேட்டை நான்கு பக்கத்துக்குச் சுருக்கி எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அன்று ஓடினேன். கோழிப்பண்ணை கேட் வரை போய், திரும்பி, ஓர் இடத்தில்கூட நிற்காமல் வீட்டு வாசலில் வந்து நின்றேன். கடிகாரம் காட்டியது: பத்து கிலோமீட்டர் இருபது மீட்டர். ஒரு மணி இருபத்து நான்கு நிமிடம் முப்பத்தேழு நொடி. கண்ணில் நீர் வந்துவிட்டது. (வியர்வைதான் என்று அப்போது சொன்னேன்.)

பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினேன். வழக்கம்போல இரண்டு முறை உரக்கப் படித்துச் சரிபார்த்தேன். அப்புறம் முப்பத்தொரு வருடம் கை என்ன செய்ததோ அதையே செய்தது. எழுதி முடித்தால் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த லாரி காத்திருக்கும். 'சேவ்', 'டிஸ்கார்ட்' என்று இரண்டு காட்டியது. இரண்டாவதை அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்ற பொருளில் இன்னொரு முறை கேட்டது. ஒரு கருவி என்னைக் கேள்வி கேட்பதா? ஓங்கி அழுத்தினேன். சுத்தமாகப் பூஜ்யம்.

மகளுக்குப் போன் போட்டேன்.

"அழிச்சா அழிச்சதுதானுங்கப்பா, திரும்ப வராது. நோட்டுல எழுதிட்டீங்கல்ல? அதைப் போட்டோ எடுத்து அனுப்பிப் பாருங்களேன்."

"சீட்டு இல்லாம எடை இல்லைன்னு எத்தனை டிரைவரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா சாமி? நானே நோட்டைக் காட்டறதா?"

போனை வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தேன். என் மனைவி சரோஜா காபியோடு வந்தாள்.

"ஏனுங்க, ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்குதல்லங்க?"

"இருக்குது."

"கால் இருக்குதல்லங்க?"

"இருக்குதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப மத்தியானம் தூங்கி எந்திரிச்சு இன்னொருக்கா ஓடுங்க. ஆனா வாட்ச்சு என்ற கையில இருக்கோணும். நீங்க தொடக்கூடாது."

மாலை மூன்று நாற்பதுக்குக் கிளம்பினோம். வெப்பம் முப்பத்து நான்கு டிகிரி. நான் முன்னால் ஓட, அவள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, ஹேண்டிலில் மோர்த் தூக்கைத் தொங்கவிட்டு, ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். என் வேகத்துக்கு ஸ்கூட்டரை விழாமல் ஓட்டுவது என் ஓட்டத்தைவிடக் கடினம் என்று இன்றைக்கும் வாதிடுகிறாள்.

நான்காவது கிலோமீட்டரில் பைக்கில் வந்த ஒருவர் மெதுவாக்கினார்.

"ஏனுங்கம்மா, அய்யா இந்த வெயில்ல ஓடறாரு. ஏத்திக்கிட்டாத்தான் என்னங்க?"

"காலைல ஒண்ணைத் தொலைச்சுப் போட்டாருங்க. அதுக்குத்தான்."

"அடடா. பணமுங்களா?"

"இல்லீங்க. ஓட்டமுங்க."

அவர் சற்று யோசித்தார். "எந்த இடத்துலன்னு தெரியுமுங்களா? நானும் பாக்கறேன்" என்று சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு வாசலில் விழுந்தேன். ஆம், விழுந்தேன். சரோஜா 'சேவ்' என்பதை அழுத்தி, மகளிடம் கேட்டுக் கேட்டு, ஐந்து முப்பத்தெட்டுக்குக் குழுவுக்கு அனுப்பினாள். ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் ஓடிய கால்கள் வெந்நீர்ப் பாத்திரத்தில் கிடந்தன. ஊரில் இந்த வயதில் இப்படி வேறு எவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குழுவிலிருந்து ஒரு தம்பி பேசினார்.

"அய்யா, பத்து கிலோமீட்டர் ஓடியும் உங்க இதயத்துடிப்பு எழுபத்தெட்டைத் தாண்டலீங்க. நெசமாவே அறுபத்தேழு வயசுங்களா?"

எனக்கு நெஞ்சு விம்மியது.

"இன்னொண்ணுங்க. மொத்தக் காலடி முந்நூத்திப் பன்னண்டுதான் காட்டுதுங்க."

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். ஓர் அடிக்கு முப்பத்திரண்டு மீட்டர். அப்படித் தாவியிருந்தால் நான் ஏன் நாமக்கல்லில் ஓட வேண்டும்?

அப்போதுதான் உறைத்தது. கடிகாரம் எண்ணியது ஸ்கூட்டரில் சாவகாசமாக உட்கார்ந்திருந்த சரோஜாவின் இதயத்தை. எடை கூடக் காட்ட, வண்டிக்குள் நாலு ஆளை ஒளித்து வைத்து மேடை ஏறிய லாரிகளை நான் எத்தனை முறை பிடித்திருக்கிறேன்! இப்போது நானே அந்த லாரி. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். நெஞ்சு எண் கையை விட்டுப் போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அந்தத் தம்பி சிரித்து முடிக்க நாற்பது நொடி ஆனது. "வர்ற ஞாயிறு எங்க முன்னாடி ஓடிக் காட்டுங்க அய்யா. நெஞ்சு எண் எடுத்து வச்சிருக்கேன்."

ஓடினேன். என் கையில் கடிகாரம், என் நெஞ்சின் துடிப்பு. ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் ஒன்பது நொடி. முடித்ததும் கையை மட்டும் நீட்டினேன். சரோஜா கூட்டத்தை விலக்கி வந்து பொத்தானை அழுத்தினாள். அங்கேயே என் கையில் எண் கொடுத்தார்கள்: நூற்றெண்பத்தாறு. அன்று அந்தக் கூட்டத்தில் என்னைவிட நிமிர்ந்து நின்ற ஆள் இல்லை; ஒருவேளை அவளைத் தவிர.

இன்றும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சம்பந்தி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவருதானுங்க, பொண்டாட்டி நெஞ்சை எரவல் வாங்கி ஓடுனவரு." பந்தி முழுக்கச் சிரிக்கும். சரோஜா மட்டும், "எழுபத்தெட்டுங்க, ஒரு துடிப்புக்கூட ஏறலீங்க" என்று சேர்த்துக்கொள்வாள். தன் இதயம் தேர்வானதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. தனக்கும் ஒரு கடிகாரம் வேண்டும் என்றாள், வாங்கிக் கொடுத்தேன். இப்போது தினம் ஆறு கிலோமீட்டர் நடக்கிறாள். என்னைவிட ஒழுங்காகச் சேமிக்கிறாள்.

பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவே ஓடியது முப்பது கிலோமீட்டர், கணக்கில் ஏறியது பத்து. அவள் கடிகாரம், முழங்காலுக்குத் தைலம், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்த்துச் செலவு ஏழாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.