அறுபத்திரண்டாவது இதயம்

உலகில் அழகைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டே பேர். முதலாமவர் யாரென்று தெரியவில்லை. இரண்டாமவர், நெய்வேலி நகரியம் பதினாறாம் பிளாக்கில் குடியிருக்கும் துரைராஜ். மற்றவர்கள் இங்கே பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்தார்கள். அவரோ தோண்டாமலே அழகை எடுத்தார், செல்போனில்.

இந்த ஞானம் அவருக்கு ஆபீசில் நடந்த ‘அன்றாடத்தில் அருள்’ என்ற ஒருநாள் பயிற்சியில், மதிய பிரியாணிக்குப் பிறகு கிடைத்தது. அன்று முதல் நாளொரு படம் எடுத்து, நகரிய வாட்ஸப் குழுவில் போட்டார். கொடியில் காயும் வெள்ளைச் சட்டைமேல் படிந்த கரித்தூளை ‘வானத்தின் கையொப்பம்’ என்றார். அந்தக் கையொப்பத்தை இரண்டாம் முறை துவைத்து அழித்தவர் மனைவி திலகவதி.

“மொதல்ல குக்கரை எறக்குங்க, அப்புறம் ஆவியைப் படம் எடுக்கலாம்” என்று ஒருநாள் அவர் கத்தினார். துரைராஜ் நல்ல கோணத்துக்காகக் காத்திருந்தார். சோறு அடிப்பிடித்தது. அடிப்பிடித்த சோற்றுக்கு நாற்பது லைக் வந்தது.

அவருடைய தலைசிறந்த படைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குப் பிறந்தது. தெருவைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், வாசல் எதிரே கொன்றை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துடைப்பம். மேலே மஞ்சள் பூக்கள். துரைராஜ் கண்கலங்கிப் படம் எடுத்து, ‘உழைப்பின் ஓய்வு’ என்று எழுதி, நேரமும் இடமும் குறிப்பிட்டுப் போட்டார். கலைஞனுக்குத் துல்லியம் முக்கியம்.

அறுபத்தொரு பேர் இதயம் போட்டார்கள். அறுபத்திரண்டாவது இதயம், துப்புரவு கான்டிராக்ட் சூப்பர்வைசர் மணிமாறனுடையது.

மறுநாளிலிருந்து தெருவில் சருகு குவிந்தது. துரைராஜ் அதையும் விடவில்லை. ‘உதிர்தலின் எழில்’ என்று மூன்று நாள் தொடராகப் போட்டார். நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் திலகவதி சொன்னார்:

“தெரு பெருக்குற அந்தம்மாவை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. ட்யூட்டில உக்காந்திருந்தாங்களாம். சாட்சி, நீங்க போட்ட போட்டோ.”

துரைராஜ் பாதியில் கை கழுவிவிட்டு சூப்பர்வைசரின் ஷெட்டுக்கு ஓடினார்.

“வாங்க சார்! சூப்பர் படம் சார் அது!” என்று மணிமாறன் எழுந்து நின்றார்.

“அவங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கணும்.”

“யாரை சார்? பேரு சொல்லுங்க” என்று மணிமாறன் தெரியாததுபோலக் கேட்டார்.

துரைராஜுக்குப் பெயர் தெரியாது.

“அந்த... நீலப் புடவை.”

“யூனிஃபார்மே நீலந்தான் சார். முப்பத்தெட்டு பேரு இருக்காங்க.”

வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டார். “அமிர்தம். குறிஞ்சிப்பாடிலேர்ந்து பஸ்ல வராங்க. முட்டி வீக்கம். பதினோரு வருஷமா நம்ம வாசலைத்தான் பெருக்கறாங்க” என்றார் திலகவதி, ஒரே மூச்சில்.

துரைராஜ் திரும்பிப் போய் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். ‘படத்துக்காக நான்தான் அவரை உட்காரச் சொன்னேன்’ என்று பொய் எழுதிக் கையெழுத்திட்டார்.

“அப்போ தப்பு உங்க மேலன்னு வச்சிக்கலாமா சார்?”

“வச்சிக்குங்க” என்றார் துரைராஜ். அந்தக் கடிதத்தில் உண்மையான விஷயம் அது ஒன்றுதான் என்று அவருக்கே தோன்றியது.

திங்கட்கிழமை அமிர்தம் வந்துவிட்டார். ஒரு வாரச் சருகைக் குனிந்து வாரிக்கொண்டிருந்தவரிடம் துரைராஜ் கைகூப்பிப் போனார்.

“அமிர்தம்மா, தெரியாம செஞ்சிட்டேன். சித்த நேரம் உக்காருங்க, வூட்லேர்ந்து டீ கொண்டாரேன்.”

அமிர்தம் முதலில் அவர் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சட்டைப் பையைப் பார்த்தார்.

“டீயெல்லாம் வேணாங்க சார். இனிமே நான் எங்கனாச்சும் குந்திகினு இருந்தா, நீங்க அந்தாண்ட திரும்பி பூவப் பாத்துகினு இருங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்.”